‘ஏரியா ரேட்டே இதுதான் சார்!’ - வீட்டு புரோக்கர் சொல்லும் விலையை எப்படிப் புரிந்துகொள்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரம் தாண்டி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் போனால் ஒரு காட்சியை வழக்கமாகப் பார்க்கலாம். முன்னால் ஒரு பைக்கில் புரோக்கர். பின்னாலேயே இன்னொரு பைக்கிலோ காரிலோ கணவன், மனைவி, சில நேரம் கூடவே மாமனார். நாலு மனை, மூணு பிளாட், ரெண்டு தனி வீடு. மதியத்துக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு டீக்கடையில் நிற்கும்போது புரோக்கர் சொல்வார்: “ஏரியா ரேட்டே இதுதான் சார். அடுத்த வருஷம் இந்த விலைக்குக் கனவுல கூட கிடைக்காது.”

நகை, பி.எஃப். பணம், ஊரில் விற்ற நிலம், இருபது வருட வங்கிக் கடன் என்று ஒரு குடும்பத்தின் மொத்த சேமிப்பும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இறங்குகிறது. அந்த ‘ஏரியா ரேட்’ என்பது என்ன? அதை யார் தீர்மானிக்கிறார்கள்? புரோக்கர் சொல்வதில் எதை நம்பலாம், எதை நாமே சரிபார்க்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

ஒரே வீட்டுக்கு மூன்று விலை

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு சொத்துக்கு ஒரே ஒரு விலை கிடையாது. குறைந்தது மூன்று விலை இருக்கிறது.

முதலாவது, சொல்லும் விலை. விளம்பரத்திலும், ‘விற்பனைக்கு’ போர்டு பார்த்து போன் செய்யும்போதும் சொல்லப்படுவது. பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தே கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, முடியும் விலை. பேசிப் பேசி கடைசியில் இரு தரப்பும் ஒத்துக்கொள்வது. நிஜமான சந்தை விலை இதுதான். ஆனால் இது வெளியே தெரியாது.

மூன்றாவது, பத்திரத்தில் ஏறும் விலை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் தொகை. பல இடங்களில் இது அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படுகிறது.

வழிகாட்டி மதிப்பு என்பது தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் பதிவுத்துறை நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பு. இதை சந்தை விலை என்று நினைத்துக்கொள்வது பெரிய தவறு. ஒரு உதாரணம் பாருங்கள். 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் அது மீண்டும் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்தன. 100 ரூபாயாக இருந்தது 67 ஆனது, பிறகு 67 மீண்டும் 100 ஆனது. அந்த நாட்களில் மனையின் நிஜ விலை ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவும் இல்லை, பாதியளவு ஏறவும் இல்லை. மாறியது அரசுக் கணக்கு மட்டுமே.

ஆக, முதல் விலை கூட்டிச் சொன்னது. மூன்றாவது விலை அரசுக் கணக்கு. நடுவில் இருக்கும் நிஜ விலையை எந்த இணையதளமும் முழுமையாகக் காட்டாது. அது யாருக்குத் தெரியும்?

புரோக்கருக்கு மட்டும் தெரிந்தது என்ன?

அந்த ஏரியாவில் வருடக்கணக்கில் தொழில் செய்யும் புரோக்கருக்குத்தான் தெரியும். பக்கத்துத் தெருவில் போன மாதம் எந்த வீடு எவ்வளவுக்கு முடிந்தது, எந்த வீடு ஆறு மாதமாக விலை போகாமல் கிடக்கிறது, எந்த ஓனருக்கு மகள் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டும், எந்த மனையில் அண்ணன் தம்பி தகராறு ஓடுகிறது... எல்லாம் அவர் மனசுக்குள் இருக்கும்.

இந்த அறிவுக்கு நிச்சயம் ஒரு மதிப்பு உண்டு. ‘புரோக்கர்னாலே ஏமாத்துவாங்க’ என்று ஒதுக்கிவிட்டு நேரடியாக வாங்கப் போகிறவர்கள், பல நேரங்களில் சொல்லும் விலையையே கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. டீல் முடிந்தால்தான் புரோக்கருக்குக் காசு. ஐந்து ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போட்டுச் சுற்றிக் காட்டிய பிறகு, ‘வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று நீங்கள் முடிவெடுத்தால் அவருக்கு ஒரு ரூபாய் கூட வராது. அதனால் ‘வாங்காதீங்க’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம்.

எனவே ‘இங்க என்ன விலைக்கு முடியுது?’ என்ற கேள்விக்கு அவரை விட நல்ல ஆள் கிடையாது. ‘நான் இப்போ வாங்கலாமா?’ என்ற கேள்விக்கு அவர் சரியான ஆள் கிடையாது.

கமிஷன் எங்கிருந்து வருகிறது?

பழைய வீடு, மனை என்றால் விலையில் 1 முதல் 2 சதவீதம் வரை கமிஷன் கேட்பது வழக்கம். வாங்குபவர், விற்பவர் என இரண்டு பக்கமும் வாங்குவதும் உண்டு. இது வழக்கம்தானே தவிர, சட்டம் நிர்ணயித்த தொகை அல்ல. முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளலாம்.

புது அடுக்குமாடி வீடு என்றால் பெரும்பாலும் பில்டரே கமிஷன் கொடுப்பார். ‘உங்ககிட்ட ஒரு பைசா வேண்டாம் சார்’ என்று புரோக்கர் சொன்னால் அது இலவசம் என்று அர்த்தம் இல்லை. அவர் பில்டரின் ஆளாக உங்களோடு வருகிறார் என்று அர்த்தம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ‘ரெரா’ 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டப்படி, ரெராவில் பதிவான திட்டங்களை விற்றுத்தரும் ஏஜென்ட்டும் தன்னைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்றால் ஒரு நாளைக்கு 10 ஆயிரம் ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பொய்யான தகவல் தந்து விற்கக்கூடாது என்பதும் ஏஜென்ட்டுக்குச் சட்டம் போட்டிருக்கும் கட்டுப்பாடு. ஆனால் ஒரு தனிநபரின் பழைய வீட்டை இன்னொருவர் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

புரோக்கர் மனக்கணக்கு எப்படி ஓடுகிறது?

பழைய அடுக்குமாடி வீட்டைப் பார்த்ததும் அனுபவமுள்ள புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை சதுரடி?’ அல்ல. ‘யு.டி.எஸ். எவ்வளவு?’ என்பதுதான்.

யு.டி.எஸ். என்பது பிரிக்கப்படாத நிலப் பங்கு. அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலத்தில் உங்களுக்கான பங்கு. கட்டிடம் வருடா வருடம் பழசாகி மதிப்பு குறையும். நிலம்தான் விலை ஏறும். அதனால் நிலப் பங்குக்கு ஒரு விலை, கட்டிடத்துக்கு வயதைக் கழித்து ஒரு விலை, இரண்டையும் கூட்டுவதுதான் அவர் மனக்கணக்கு.

ஒரு கணக்குக்காகப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுரடி. தமிழ்நாடு கட்டிட விதிகளின்படி, உயரமில்லாத சாதாரண அடுக்குமாடிக்கு நிலப்பரப்பைப் போல 2 மடங்கு கட்டலாம். அதாவது 4,800 சதுரடி. அதை 1,200 சதுரடி வீதம் நாலு வீடாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 600 சதுரடி நிலம். இதுவே உயரமான டவராக இருந்தால் 3.25 மடங்கு வரை கட்ட அனுமதி உண்டு. அப்போது அதே 1,200 சதுரடி வீட்டுக்கு நிலப் பங்கு சுமார் 370 சதுரடிதான்.

நகரின் உள்பகுதியில் வண்ணம் உரிந்து நிற்கும் முப்பது வருட வீடு, புறநகரில் நீச்சல் குளத்தோடு இருக்கும் புது வீட்டை விட அதிக விலைக்குப் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான்.

கூடவே இன்னொன்று. ‘1,000 சதுரடி’ என்று சொல்லி விற்கும் வீட்டில் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். சுவருக்குள் நாம் கால் வைத்து நடக்கும் இடம், அதாவது கார்ப்பெட் ஏரியா, அதை விடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். ரெரா சட்டப்படி பில்டர் கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும். விலையை அந்த அளவால் வகுத்துப் பார்த்தால்தான் இரண்டு வீடுகளைச் சரியாக ஒப்பிட முடியும்.

‘12 லட்சம் கையில இருந்தா போதும்’... நிஜமா?

60 லட்சம் ரூபாயில் கட்டுமானத்தில் இருக்கும் ஒரு புது பிளாட். ‘வங்கியில 80 சதவீதம் லோன் வாங்கித் தர்றோம். மிச்சம் 12 லட்சம் இருந்தா சாவி உங்க கையில’ என்பார்கள். இந்தக் கணக்கு பாதிதான் உண்மை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கொடுக்க முடியும். அந்த மதிப்பில் முத்திரைத்தாள், பதிவுச் செலவைச் சேர்க்க முடியாது. அதை நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம் என 2023 டிசம்பரில் நடைமுறை வந்தது. 60 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் 4 லட்சத்து 20 ஆயிரம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 3 லட்சம். 12 லட்சத்தோடு இவற்றைச் சேர்த்தால் 19 லட்சத்து 20 ஆயிரம். கப்போர்டு, கிச்சன் வேலை, பராமரிப்பு டெபாசிட் என்று பார்த்தால் அதற்கும் மேலே போகும்.

மனை, பழைய வீடு என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம்.

அடுத்து மாதத் தவணை. 48 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 41,650 ரூபாய். இருபது வருடத்தில் மொத்தம் கட்டுவது ஒரு கோடியை நெருங்கும். அதே வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 15 ஆயிரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், அதாவது போட்ட விலையில் 3 சதவீதம்தான்.

இதனால் வீடு வாங்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. குடியிருக்க வாங்குபவருக்கு வாடகை மிச்சம், ‘வீட்டை காலி பண்ணுங்க’ என்ற பேச்சிலிருந்து நிம்மதி, பிள்ளைகளுக்கு ஒரே பள்ளி என்று பல லாபங்கள் உண்டு. ஆனால் ‘வாடகையிலேயே இ.எம்.ஐ. கட்டிடலாம் சார்’ என்று சொல்லி விற்றால், அந்த இடத்தில் மட்டும் கால்குலேட்டரை எடுத்துவிட வேண்டும்.

‘மெட்ரோ வருது... ஏர்போர்ட் வருது...’

புறநகர் சந்தையை ஓட்டும் எரிபொருளே இந்த ‘வருது’தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது. அது வரும் என்ற பேச்சு ஓடிய வருடங்களிலேயே அந்தப் பேச்சை வைத்து மனைகள் விற்கப்பட்டன. பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும் காஞ்சிபுரம் சுற்றுவட்டார மனை விளம்பரங்களில் ‘ஏர்போர்ட் அருகில்’ சேர்ந்துகொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். ஆனால் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில்தான். அறிவிப்பு, திட்ட அறிக்கை, ஒப்புதல், கட்டுமானம், கடைசியில் ரயில் ஓடுவது... எல்லாம் வேறு வேறு கட்டங்கள். நீங்கள் வாங்கும் நாளில் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

வரப்போகும் வசதிக்கான விலையை ஓனர் இன்றே சேர்த்துத்தான் கேட்கிறார். அது தாமதமானால் அந்தச் சுமை வாங்கியவர் தலையில்தான் விழும். இன்று இருக்கும் ரோடு, பஸ், தண்ணீர், பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்த்தாலும் இந்த விலை நியாயமா என்பதே சரியான கேள்வி.

‘பதிவாகும் சார், பிரச்சினையே இல்ல’

மனை வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப் பிரிவுகளுக்கு, கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி கிடைத்தது.

ஏற்கனவே வீட்டுமனையாக ஒருமுறை பதிவானது என்றால், அங்கீகாரம் இல்லாவிட்டாலும் மறு பதிவுக்கு இடமிருக்கிறது. புரோக்கர் ‘பதிவாகும்’ என்று சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் பத்திரம் பதிவாவது வேறு. அந்த மனையில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறு. வங்கி கடன் கொடுப்பது வேறு. வரன்முறை ஆகாத மனையில் பின்னால் இருக்கும் இரண்டும் சிக்கும்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற வார்த்தையும் அப்படித்தான். மனைப் பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் தேவை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. அங்கீகார எண்ணை வாங்கி, வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, இல்லை பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கிய இடமா என்று பார்க்க வேண்டும்.

மே மாதத்தில் தெரியாதது டிசம்பரில் தெரியும்

வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா மனையும் மேடுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை யாரும் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் புரோக்கரிடம் கேட்காமல், அந்தத் தெரு டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். ‘2015ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?’ என்று கேட்டால் சுவரைக் காட்டிச் சொல்வார்கள். முடிந்தால் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள்.

‘வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க’

டோக்கன் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் வரும் வாக்கியம் இது. சில நேரம் நிஜமாகவே வேறு ஆள் இருப்பார். பல நேரம் இருக்க மாட்டார். எப்படி இருந்தாலும் அவசரத்தில் கொடுத்த டோக்கன்தான் பின்னால் சண்டையாகிறது.

சொத்து வாங்குவதற்காக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. டோக்கனை வங்கி வழியாக மட்டும், அதுவும் ஓனர் பெயருக்கே கொடுங்கள். பத்திரத்தில் சிக்கல் இருந்தால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதை நம்பி லட்சங்களைக் கொடுக்காதீர்கள். புதுத் திட்டம் என்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டம்.

‘பாதி வெள்ளை, பாதி கருப்பு’ என்ற பேச்சு வந்தால் கூடுதல் கவனம். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் கடன் தொகை குறையலாம். டீல் உடைந்தால் ரொக்கத்தைக் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்காது. நாளை நீங்கள் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் கூடும். மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக சார்பதிவாளர் கருதினால் பத்திரம் கலெக்டர் விசாரணைக்கும் போகலாம்.

புரோக்கரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தத் தெருவில் கடைசியாக முடிந்த ரெண்டு, மூணு வீடுகள் என்ன விலைக்கு முடிந்தன? (சொல்லும் விலை வேண்டாம், முடிந்த விலை வேண்டும்.)

2. இந்த வீடு எத்தனை மாதமாக விற்பனைக்கு இருக்கிறது? ஓனர் ஏன் விற்கிறார்?

3. யு.டி.எஸ். எவ்வளவு, கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?

4. ஒரிஜினல் பத்திரம் யாரிடம் இருக்கிறது? ஓனரிடமா, வங்கியிலா? விற்பவர் ஓனரா, பவர் வாங்கியவரா?

5. உங்கள் கமிஷன் எவ்வளவு, யார் தருகிறார்கள்?

நேர்மையான புரோக்கர் இந்த ஐந்துக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். முதல் கேள்வியை மூன்று வெவ்வேறு புரோக்கர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று பதில்களும் ஒன்றை ஒன்று நெருங்கும் இடத்தில்தான் நிஜமான ஏரியா ரேட் இருக்கும்.

நீங்களே பார்க்க வேண்டியவை

* வில்லங்கச் சான்று: பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே இதில் தெரியும். பதிவாகாத உயில், வாரிசுத் தகராறு தெரியாது.

* வழிகாட்டி மதிப்பு: அதே இணையதளத்தில் தெரு, சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம்.

* பட்டா: வருவாய்த்துறை இணைய சேவையில் பார்க்கலாம். பட்டாவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

* ரெரா எண்: 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீட்டுக்கு மேல் உள்ள புதுத் திட்டத்துக்குப் பதிவு கட்டாயம்.

* டி.டி.எஸ்.: விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும்.

* வழக்கறிஞர் கருத்து: மூலப் பத்திரத்திலிருந்து இன்று வரை எல்லாவற்றையும் படிக்கச் சொல்லுங்கள். புரோக்கர் அழைத்துவரும் வக்கீல் வேண்டாம். நீங்களே தேடிப் போகும் வக்கீலாக இருக்கட்டும்.

புரோக்கர் ஒரு ஏரியாவின் நடமாடும் விலைப் பட்டியல். அவரிடம் விலையைக் கேளுங்கள், பேரத்துக்கு அவரை முன்னால் விடுங்கள், வேலை முடிந்தால் பேசிய கமிஷனை மனசாரக் கொடுங்கள். ஆனால் வாங்குவதா, வேண்டாமா என்ற முடிவை மட்டும் அந்த டீக்கடையில் எடுக்காதீர்கள். பத்திரத்தை வக்கீல் படித்து, செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிய பிறகு எடுங்கள். அதற்குள் ‘வேற பார்ட்டி’ வாங்கிவிட்டால் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே ரோட்டில் விற்பனைக்கு வீடுகள் இருக்கும்.